இடைவெளிக்கு முன்னால்

"டீச்சர், உங்க மேல எனக்குச் சந்தேகம்" என்றார் தாணு.

"நல்லது" என்றார் டெல்பின் டீச்சர். "உட்காருங்க சார். சாயா குடிக்கிறீங்களா?"

தாணு உட்காரவில்லை. சாயாவும் வேண்டாம் என்றார். யாரைச் சந்தேகப்படுகிறோமோ அவர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவருடைய உத்தியோகக் காலத்துச் சட்டம்.

சிதம்பரதாணு வங்கியில் விஜிலென்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கோயிலில் பிரசாதம் கொடுத்தால் முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவார். படுக்கப் போகும்முன் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படுத்த பிறகு எழுந்து வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற மனுஷர்.

அப்படிப்பட்டவர் யாரிடமாவது போய்ப் பாடம் கேட்பார் என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை.

டெல்பின் டீச்சருக்கு அவர் மகள் வயசு. முன்பு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். இப்போது காக்காப்பொற்றை என்கிற சின்னக் குன்றின் அடிவாரத்தில், முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய கொட்டகையில் இருக்கிறார். ஊருக்கு அது இன்னும் அண்டியாபீஸ்தான்.

டீச்சர் எழுதிய சாப்ட்வேருக்குப் பேழை என்று பெயர். படம், பத்திரம், குரல், எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டு, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டிவிடலாம். பூட்டினவர் தவிர யாரும் திறக்க முடியாது. காசு கிடையாது. எந்தெந்த ஊரில் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்பது டீச்சருக்கே தெரியாது.

தாணு வீட்டிலும் ஒரு பேழை இருந்தது. அதில் பகவதி இருந்தாள்.

பகவதி அவர் மனைவி. புதிதாகப் போன் வாங்கின காலத்தில், அதில் குரல் பதிகிற வித்தையைக் கற்றுக்கொண்டு, தோன்றியதையெல்லாம் பேசிப் பேசிப் பதிந்து வைத்தாள். தாணுதான் அவற்றைப் பேழைக்குள் போட்டுப் பூட்டினார். அப்புறம் போன் கிணற்றுக்குள் விழுந்தது. அப்புறம் பகவதியும் போய்விட்டாள். பேழை ஒன்றுதான் மிச்சம்.

தினமும் காலையில் திறந்து கேட்பார். கேட்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார்.

ஒருநாள் அவருக்குத் தோன்றியது. நம் வீட்டுப் பொம்பளையை எவளோ செய்த பெட்டிக்குள் வைத்திருக்கிறோமே, அந்தப் பெட்டியின் உள்பக்கத்தை நாம் பார்த்ததே இல்லையே என்று.

அதைப் பார்க்கத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்டியாபீஸுக்கு வந்தார். வந்து, சாப்ட்வேர் எழுதுகிற கம்ப்யூட்டர் கோடு படிக்க டீச்சரிடமே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு படித்ததில் இப்போது ஒன்று அகப்பட்டுவிட்டது.

"சந்தேகம் என்னன்னு சொல்லலையே" என்றார் டீச்சர்.

தாணு திரையில் ஒரு இடத்தை விரலால் குத்தினார்.

"இங்க பாருங்க. பாஸ்வேர்டு பொருந்தினா திறக்குது. சரி. பொருந்தலைன்னா சும்மா இருக்கணுமா இல்லையா? இது சும்மா இல்லை. பாஸ்வேர்டை முதல் இடைவெளியோட நறுக்கி, அந்தத் துண்டை மட்டும் வெச்சு மறுபடி திறந்து பார்க்குது. இது யாருக்கு?"

"பழைய பூட்டுக்கு."

"அப்படின்னா?"

"முதல்ல நான் எழுதின பேழை, பாஸ்வேர்டுல இடைவெளி வந்தா அதோட நின்னுரும் சார். மிச்சத்தைப் படிக்காது. 'தென்னை மரத்துல அணில்'னு ஒருத்தர் வெச்சா, 'தென்னை'ங்கிறதை வெச்சுத்தான் பூட்டும். ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். புதுப் பேழை முழுசையும் படிக்கும்."

"அப்ப இதைத் தப்புன்னு ஒத்துக்கிறீங்க."

"தப்புதான்."

"திருத்தியாச்சு."

"ஆச்சு."

"திருத்தின பிறகு தப்பையும் பக்கத்துலேயே எதுக்கு உட்கார வெச்சிருக்கீங்க?"

டீச்சர் சாயாவை ஊதிக் குடித்தார்.

தாணுவுக்கு அந்த ஊதல் நன்றாகப் பழக்கம். எத்தனை மேனேஜர்களிடம் பார்த்திருக்கிறார்! கேள்வி சரியான இடத்தில் விழுந்தால் ஆள் சாயாவை ஊதுவான்.

"முதல் வார்த்தையை ஊகிச்சா போதும், திருடன் உள்ள போயிரலாம்" என்றார். "முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுட்டு, கொல்லையில படலைச் சாத்தி வெச்சிருக்கீங்க."

"படலை எடுத்துட்டா, பழைய பூட்டு போட்டவங்க எப்படி உள்ள போவாங்க?"

"நோட்டீஸ் கொடுங்க. இன்ன தேதிக்குள்ள பூட்டை மாத்துங்கன்னு சொல்லுங்க. மாத்தாதவன் அனுபவிக்கட்டும்."

"யாருக்குக் கொடுக்க? எனக்குத்தான் ஒருத்தரையும் தெரியாதே."

நல்ல சாக்கு, என்று தாணு மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"சரி சார், எடுத்துருங்க" என்றார் டீச்சர்.

"என்னது?"

"அந்த வழியை எடுத்துருங்க. முதல்ல உங்க லேப்டாப்ல இருக்கிற காப்பியில. உங்க பேழையைத் திறந்து பாருங்க. அப்புறமும் எடுக்கணும்னு சொன்னீங்கன்னா எல்லாருக்கும் எடுத்துரலாம்."

"எனக்கென்ன! என் பாஸ்வேர்டுல இடைவெளியே கிடையாது. ஒரு முழு வாக்கியம். வார்த்தைக்கு வார்த்தை ஒட்டி அடிச்சது. மூச்சுவிட இடம் இருக்காது."

"அப்ப என்ன பயம்?"

தாணு அன்றைக்கு எடுக்கவில்லை. இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற ஆளை அவர் நம்புவதில்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறது. கவனிப்போம் என்று முடிவு செய்தார்.

கவனித்தார். டீச்சர் யாருடன் போனில் பேசுகிறார், எப்போது குரலைத் தாழ்த்துகிறார், எல்லாம்.

டீச்சரைக் கண்ணில் வைத்துக்கொள்ள, இப்போதெல்லாம் விடிந்ததும் நேரே கொட்டகைக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவர் தன் பேழையைத் திறப்பார். அந்த நேரத்தில் டீச்சர் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவதையும் கவனித்தார். திரையைப் பார்க்க முடியாத தூரம்தான். ஆனாலும் ஏன் தூக்க வேண்டும்?

அதையும் குறித்துக்கொண்டார்.

ஒருநாள் மதியம் மைதீன் பாத்து வந்தாள். மீன் வாங்கிக் கருவாடு போடுகிறவள். கையில் பேரனுடைய பழைய கம்ப்யூட்டர், துணிப்பையில்.

"மக்ளே, எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல" என்று டீச்சரிடம் அழுதாள். "காய்ச்சல் கண்டு எழுந்ததுல பாதி போச்சு. பாஸ்வேர்டு பெருசா என்னவோ வெச்சேன். எம் மவ கல்யாணப் படம் அத்தனையும் அதுக்குள்ளதான் கெடக்கு. அவ இப்ப உசுரோட இல்ல மக்ளே."

தாணு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். போய்விட்டார் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தார்.

டீச்சர் குனிந்து பாத்துவின் காதில் ஏதோ சொன்னார்.

பாத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதில் ஏதோ சொன்னாள்.

டீச்சர் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

பாத்து தட்டினாள். கொஞ்சமே கொஞ்சம்தான் தட்டினாள். ஒரு வார்த்தைகூட இருக்காது.

பேழை திறந்துவிட்டது!

பாத்து திரையில் கையை வைத்துக்கொண்டு விம்மினாள். தாணுவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது.

மாஸ்டர் சாவி! நினைத்தது சரியாகப் போயிற்று. எந்தப் பேழையையும் திறக்கிற ஒரு குட்டிச் சாவி இந்தப் பெண் கையில் இருக்கிறது. கிழவியின் காதில் ஓதியது அதைத்தான். அது நுழைகிற வழிதான் அந்தப் படல். பழைய பூட்டாம், நோட்டீஸ் கொடுக்க ஆளைத் தெரியாதாம்! யாரிடம் கதைவிடுகிறாள்?

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம். பகவதி இவள் கையில் இருக்கிறாளே என்கிற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்ததும், காதில் ஒயரை மாட்டுவதற்கு முன்னால், அந்த வழியைத் தன் காப்பியிலிருந்து எடுத்தார். சில வரிகள்தான். எடுத்துவிட்டு டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் ஏதோ வேலையாக இருந்தார்.

பேழையைக் கூப்பிட்டார். பாஸ்வேர்டு கேட்டது. விரல்கள் வழக்கம்போல ஓடின.

பாஸ்வேர்டு பொருந்தவில்லை, என்றது பேழை.

சரி, அவசரத்தில் தப்பாக அடித்திருப்போம். மறுபடி அடித்தார்.

பொருந்தவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாக்கியத்தை முணுமுணுத்தபடி ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

பொருந்தவில்லை.

தாணுவுக்கு பல் தேய்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பகவதி உள்ளே இருக்கிறாள், கதவு திறக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு அவள் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்ணை மூடியது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எடுத்த வரிகளைத் திரும்ப ஒட்டினார். பாஸ்வேர்டை அடித்தார்.

திறந்துகொண்டது.

"இஞ்ச பாருங்க" என்றாள் பகவதி காதுக்குள். எப்போதும் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

தாணு அப்படியே நிறுத்திவிட்டார்.

அவருக்கு மெதுவாக விளங்கியது. தன் வாக்கியத்தில் இடைவெளி கிடையாது. இருந்தும் தன் பேழை அந்தப் படல் வழியாகத்தான் திறக்கிறது. முன்வாசல் வழியாகத் திறக்கவில்லை. அப்படியானால் தான் போட்ட பூட்டே அல்ல இது. யாரோ பூட்டை மாற்றியிருக்கிறார்கள்!

பூட்டை மாற்றினவர் உள்ளே போயிருக்கிறார். உள்ளே போனவர் சும்மா வந்திருப்பாரா?

மறுபடியும் கேட்டார். "இஞ்ச பாருங்க."

இது பகவதிதானா? இவ்வளவு கீச்சென்றா பேசுவாள்? இந்தக் காலத்தில் குரலை அப்படியே செய்துவிடுகிறார்களாமே. 'பாருங்க' என்று இழுக்கிற இழுப்பு அவளுடையதுதானா, இல்லை நாம் அப்படிப் பழகிக்கொண்டோமா?

இன்னொரு தடவை கேட்டார். கேட்கக் கேட்க அந்நியமாகிக்கொண்டே போனது.

ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தார்.

"டீச்சர்! என் பேழையில கை வெச்சிருக்கீங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"பூட்டை மாத்தியிருக்கீங்க. என் பெண்டாட்டி குரலைக் கேட்டிருக்கீங்க. கேட்டீங்களோ, மாத்தினீங்களோ, எனக்கு இப்ப எதுவும் நிச்சயமில்லை. அவ குரலைக் கேட்டா எனக்கே இது யாரோன்னு இருக்கு. அதைக் கெடுத்துட்டீங்க நீங்க!"

குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எந்த விசாரணையிலும் அவருக்கு அப்படி ஆனதில்லை.

டீச்சர் எழுந்தார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"என்ன இது?"

"குற்றச்சாட்டை வாயால சொன்னா எப்படி சார்? முறைப்படி எழுதுங்க. ஒவ்வொண்ணா எழுதுங்க. நான் பதில் சொல்றேன்."

கொட்டகைச் சுவரில் பாடம் நடத்துகிற கரும்பலகை இருந்தது. தாணு சாக்பீஸைப் பிடுங்காத குறையாக வாங்கினார். எழுதத் தெரியாதா அவருக்கு? எத்தனை பேர் வேலையைக் காலி செய்த கை!

எழுதினார். கோபத்தில் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

மனைவி குரல் அடங்கிய பேழையின் பூட்டை உரியவர் அறியாமல் மாற்றியது. எவர் பேழையையும் திறக்கக்கூடிய சாவியை மறைத்து வைத்திருப்பது. அதை மைதீன் பாத்து என்பவரின் காதில் சொன்னது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சாயா குடித்தது.

பலகை நிறைந்தது. எழுதி முடித்து, கீழே கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டார்.

"படிச்சுப் பாருங்க" என்றார்.

டீச்சர் படிக்கவில்லை. டஸ்டரை எடுத்தார். கீழே இருந்து அழிக்க ஆரம்பித்தார்.

"ஏய்! என்ன செய்யறீங்க?"

கையெழுத்து போயிற்று. சாயா போயிற்று. மைதீன் பாத்து போனாள். மாஸ்டர் சாவி போனது. முதல் குற்றச்சாட்டும் போனது.

"சாட்சியத்தை அழிக்கிறீங்க!" என்று கத்தினார் தாணு.

டீச்சர் டஸ்டரை வைத்துவிட்டு விலகி நின்றார்.

பலகையின் உச்சியில், நட்ட நடுவில், ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

உ

தாணு அதையே பார்த்தார்.

அதை எப்போது எழுதினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதியதே ஞாபகமில்லை. அரிச்சுவடி காலத்திலிருந்து கை போடுகிற பிள்ளையார் சுழி. மளிகைக் கணக்கிலும் அது உண்டு, குற்றப்பத்திரிகையிலும் உண்டு. சுழி போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, அப்புறம்தான் விஷயத்தைத் தொடங்குவார்.

"தினமும் காலையில நீங்க தட்டற சத்தத்தைக் கேக்கறேன்" என்றார் டீச்சர். "முதல்ல ஒரு தட்டு. அப்புறம் பெரிய கட்டை. அதுக்கு அப்புறம்தான் மழை மாதிரி உங்க வாக்கியம் வருது."

பெரிய கட்டை என்றால் இடைவெளிக் கட்டை.

தாணு பலகைக்குக் கிட்டே போனார். "அது... அது எழுத்துல சேர்த்தி இல்லையே டீச்சர்."

"பேழைக்கு எல்லாம் எழுத்துதான் சார்."

தாணு லேப்டாப்புக்குப் போனார். ஒட்டின வரிகளை மறுபடியும் எடுத்தார். படல் இல்லை இப்போது, முன்வாசல் மட்டும்தான். பாஸ்வேர்டு கேட்டது.

ஒரே ஒரு தட்டு தட்டினார். உ. அவ்வளவுதான்.

திறந்துகொண்டது.

பகவதியை உள்ளே வைத்து அவர் போட்ட பூட்டு அதுதான். அவரேதான் போட்டார். மூச்சுவிட இடமில்லாத அந்த நீள வாக்கியத்தைப் பேழை இத்தனை நாளும் காதில் வாங்கவே இல்லை.

"மைதீன் பாத்து காதுல என்ன சொன்னீங்க?" என்று திரும்பாமலே கேட்டார்.

"சொல்லலை. கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"எதையாவது எழுத ஆரம்பிச்சா முதல்ல என்ன போடுவீங்கன்னு கேட்டேன். 786-ன்னாங்க. அதை மட்டும் அடிச்சுப் பாருங்கன்னேன். திறந்த உடனே புதுப் பாஸ்வேர்டு வெச்சுப் பூட்டச் சொல்லித்தான் அனுப்பினேன்." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "எங்க ஆளுங்கன்னா சிலுவை போடுவாங்க. எல்லாரும் சாமி பேரைச் சொல்லிட்டுத்தான் சார் பூட்டறாங்க. பழைய பேழை சாமியோட நின்னுருச்சு."

"என்னுது தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

தாணு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். காதில் ஒயரை மாட்டினார்.

"இஞ்ச பாருங்க" என்றாள் பகவதி. "இது பதியுதான்னு தெரியல. சிவப்பா ஒரு புள்ளி எரியுது. இந்த மனுசன் என்ன செய்யறாருன்னு சொல்லட்டுமா? கதவைப் பூட்டிட்டு வந்து படுத்தாரு. இப்ப எழுந்து போறாரு. பூட்டை இழுத்துப் பார்க்கத்தான் போறாரு, வேற எதுக்கு! எவன் வரப் போறான் இந்த வீட்டுக்கு? ஏங்க, நல்லா இழுத்துப் பார்த்தீங்களா? பூட்டியிருக்கா?"

அவளேதான். அந்தக் கீச்சுக் குரலும் அவளுடையதுதான், அந்த இழுப்பும் அவளுடையதுதான். தாணு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டீச்சர் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார்.

திரும்பி வந்தபோது தாணு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் புருவத்துக்கு நடுவே அந்தப் பழைய மடிப்பு மறுபடியும் விழுந்திருந்தது.

"டீச்சர், இன்னொரு சந்தேகம்."

"கேளுங்க."

"புதுப் பேழை வந்த அன்னைக்கே நான் இறக்கிப் போட்டேன். என் பூட்டு ஏன் மாறலை?"

"உள்ள புதுசா எதையாவது வெச்சா அப்ப முழுப் பாஸ்வேர்டுல புதுப் பூட்டு விழும் சார். நீங்க எதுவும் வைக்கலை."

"எதை வைக்கிறது? அவதான் இல்லையே."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைச் சொல்ல வரலை நான்" என்றார் தாணு. விசாரணைக் குரல் வந்துவிட்டது. "என்னை மாதிரி ஆளுங்களை யோசிங்க. வைக்க ஒண்ணும் இல்லாம, திறந்து பார்க்க மட்டும் வர்றவங்க. அவங்க பூட்டு எப்ப மாறும்?"

டீச்சர் தன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாறாது" என்றார் கடைசியில்.

"அவங்களுக்குத்தான் உள்ள இருக்கிறது தொலைஞ்சா திரும்பக் கிடைக்காது. அவங்க வீட்டுக்குத்தான் ஒத்தைச் சுழி காவல். என்னைக்கும்."

"ஆமா சார்."

"இதை நீங்க யோசிக்கலையா?"

"யோசிக்கலை."



டெல்பின் டீச்சர் எழுந்தார். பேழையின் மூலக் கோடு இருந்த தன் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நாற்காலியை இழுத்து, தாணுவின் பக்கம் திருப்பிப் போட்டார்.

தாணு நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

பழைய வழியை அவர் தொடவில்லை. அதற்குக் கீழே, உள்ளே வந்தவர் எதையாவது வைக்க வந்தாலும் சரி, பார்க்க மட்டும் வந்தாலும் சரி, பூட்டை இப்போதே மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிற சில வரிகளை எழுத ஆரம்பித்தார். தப்புத் தப்பாக வந்தது. டீச்சர் பின்னால் நின்று ஒவ்வொன்றாகத் திருத்தச் சொன்னார். எழுதி முடிக்கையில் வெயில் பொற்றைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"எந்தப் பேழையில ஓட்டிப் பார்க்கிறது?" என்றார் டீச்சர்.

தாணு தன் லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். பழைய வரிகளைத் திரும்பச் சேர்த்து, புது வரிகளையும் சேர்த்து, பேழையைத் திறந்தார். அது கேட்டது. மாற்றலாம் என்றார். புதுப் பாஸ்வேர்டு என்றது.

தாணு விரலைத் தூக்கியவர் நிறுத்தினார்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பின்னால் சத்தம் கேட்டது. முதலில் ஒரு தட்டு. அப்புறம் பெரிய கட்டை.

அப்புறம் மழை.